வைஃபை போச்சா, இன்டர்நெட் போச்சா? வீட்டு நெட்வொர்க் பெட்டிகளுக்கு ஒரு முதல் வழிகாட்டி

‘வைஃபை போயிடுச்சு’ என்று வீட்டில் யாராவது குரல் கொடுத்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘வைஃபை போச்சா, இன்டர்நெட் போச்சா?’ கேட்டவுடன் எதிரே இருப்பவர் முறைப்பார். ரெண்டும் ஒண்ணுதானே என்பது அந்த முறைப்பின் பொருள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், அலமாரி மேல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியின் பாதி மர்மம் தீர்ந்த மாதிரி.

இன்டர்நெட் என்பது வெளியிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வந்து சேரும் இணைப்பு. வைஃபை என்பது அதை வீட்டுக்குள் கம்பி இல்லாமல் கொண்டுபோகிற ஒரு வழி, அவ்வளவுதான். வெளி இணைப்பு அறுந்து கிடந்தாலும் உங்கள் லேப்டாப் வைஃபை வழியாகப் பக்கத்து அறைப் பிரின்டரில் அச்செடுக்கும். வைஃபையை மொத்தமாக அணைத்துவிட்டு, ஒரு கேபிளைச் செருகி நாள் முழுக்க இன்டர்நெட்டில் உலவவும் முடியும். போனில் வைஃபை குறி முழுசாகத் தெரிந்தும் ஒன்றும் திறக்கவில்லையா? உனக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன. பெட்டிக்கு அப்பால் கோளாறு என்றால் பல போன்களில் குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி எட்டிப் பார்க்கும்.

சரி, சுவரிலிருந்து தொடங்கி உள்ளே நடந்து வருவோம். போனில் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பின்பக்கம் எப்போதுமே இருட்டு.

சுவர் வரை வருவது என்ன?

பெட்டிக்குப் பின்னால் போய், வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் கம்பி எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மெல்லிய கம்பி, நுனியில் பச்சை அல்லது நீல நிறத்தில் சின்னச் சதுரச் செருகி என்றால் ஃபைபர். நடுவில் ஊசி போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டு, திருகி மாட்டும் உலோகத் தலையோடு வந்தால் கோஆக்சியல். டிவி கேபிள் என்றால் உடனே புரியும். பழைய லேண்ட்லைன் போனுக்கு இருக்குமே, அதே சின்ன பிளாஸ்டிக் செருகி என்றால் டிஎஸ்எல். சில அடுக்கு வீடுகளில் கட்டடத்துக்குப் பொதுவான ஒரு பெட்டியிலிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிளே நேராக வீட்டுக்குள் வரும். கம்பியே இல்லை, பெட்டிக்குள் சிம் கார்டு இருக்கிறது என்றால் அது மொபைல் இணைப்பு.

இந்தக் கம்பிகளில் வருவதைக் கணினி அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. ஃபைபரில் வருவது ஒளி. கோஆக்சியலிலும் டிஎஸ்எல்லிலும் வருவது மின் அலைகள். இதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மொழிபெயர்ப்பாளர்தான் மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய பெயர் அது. ஃபைபரில் இந்த வேலையைச் செய்யும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். மாட்டிக் கொடுக்க வருபவர் ஓஎன்யு என்பார். நம் தேவைக்கு இரண்டும் ஒன்றே.

ஃபைபர் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமல் கெடுத்துக்கொள்வது இதைத்தான். வீட்டுக்கு வரும் இழையில் ஒளி ஓடும் மையப் பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதை அலமாரிக் கதவிடுக்கில் மடக்கி அழுத்தினால் கண்ணாடி உடையாவிட்டாலும் வளைவில் ஒளி கசிந்துவிடும். மீந்த கம்பியைச் சுருட்டி வைக்க வேண்டுமென்றால் உள்ளங்கை அகலத்துக்காவது வட்டமாகச் சுருட்டுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். பச்சைச் செருகியின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீலத்தின் முனை சாய்வில்லாமல் இருக்கும். ஒன்றுக்கான துளையில் மற்றதைச் செருகக் கூடாது. கழற்றிய நுனியைக் கண்ணருகே கொண்டுபோய் ‘வெளிச்சம் வருதா’ என்று பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று ஆகிவிடாது.

வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கத்தான் பெட்டியிலேயே விளக்கு வைத்திருக்கிறார்களே. பிஓஎன் என்று எழுதிய விளக்கு அசையாமல் எரிந்தால் ஒளி வந்து சேர்கிறது, எதிர்முனையோடு பேச்சும் நடக்கிறது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளியே வரவில்லை, அல்லது மிகவும் மங்கிப்போய் வருகிறது. அப்போது வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதோ போனை ரீஸ்டார்ட் செய்வதோ வெட்டி வேலை. செருகி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் இணைப்பு தருபவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரே பெட்டிக்குள் நாலு பேர்

முன்பெல்லாம் மோடம் தனி, ரவுட்டர் தனி. இப்போது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களின் குழப்பத்துக்கு இதுதான் காரணம். பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள்: மொழிபெயர்க்கும் மோடம் அல்லது ஓஎன்டி, முகவரி பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர், கம்பி வழியாக வரும் கருவிகளைக் கோர்க்கும் ஸ்விட்ச், காற்று வழியாக வரும் கருவிகளைக் கோர்க்கும் ஆக்சஸ் பாயின்ட். யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால்தானே யாருக்கு மருந்து கொடுப்பது என்று தெரியும்.

இவர்களில் மூளைக்காரர் ரவுட்டர். வெளியுலகம் உங்கள் வீட்டுக்குக் கொடுப்பது வழக்கமாக ஒரே ஓர் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்களை அடையாளம் காட்டும் எண். உள்ளே போன், லேப்டாப், டிவி என்று பத்துப் பதினைந்து கருவிகள். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்தில் உள்ள ஆட்களுக்குத் தலைக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் 1996-லேயே சில எண் வரிசைகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கு ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அப்படி ஒன்று, 10 என்று தொடங்குவது இன்னொன்று. உங்கள் போனுக்கு 192.168.1.7 என்று இருக்கலாம். இன்னொரு கண்டத்தில் யாரோ ஒருவர் போனுக்கும் அதே எண் இருக்கலாம். சண்டை வராது.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, ‘இதைக் கேட்டது 7ஆம் எண்’ என்று ரவுட்டர் தன் பட்டியலில் குறித்துக்கொண்டு, வீட்டின் பொது முகவரியின் பேரில் வெளியே கேட்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து 7ஆம் எண்ணிடம் கொடுக்கிறது. இதற்கு நேட் என்று பெயர். உள்ளே யாரும் கேட்காத ஒன்று வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால், பட்டியலில் அதற்குப் பெயர் இருக்காது. அதை ரவுட்டர் வாசலிலேயே திருப்பிவிடும். (புதிய ஐபிவி6 முறையில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்கொன்று கொடுக்கலாம். அங்கே வாசல் காக்கிற வேலையை ஃபயர்வால் தனியாகச் செய்கிறது.)

உள்ளே யாருக்கு எந்த எண் என்று பங்கிட்டுக் கொடுப்பதும் ரவுட்டரே. அந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். இப்போதே பார்த்துவிடுங்களேன்: போனில் வைஃபை அமைப்புக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டால் உங்கள் ஐபி முகவரியும், ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்று இன்னோர் எண்ணும் தெரியும். அந்த இரண்டாவது எண்தான் பெட்டியின் வீட்டு முகவரி. அதை பிரவுசரில் அடித்தால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ‘கேட்டுப் பார்த்தேன், யாரும் கொடுக்கவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்’ என்று அர்த்தம். கேபிள் சரியில்லை, அல்லது ரவுட்டர் தூங்குகிறது.

பின்பக்கம் வரிசையாக இருக்கும் சதுர ஓட்டைகளைப் பாருங்கள். அநேகமாக நான்கு ஒரே நிறத்தில், ஒன்று மட்டும் வேறு நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி இருக்கும். தனித்திருப்பது வேன் போர்ட் (வண்டி இல்லை). வெளியிலிருந்து வரும் இணைப்பு அங்கே போக வேண்டும். மற்றவை லேன் போர்ட்கள், வீட்டுக் கருவிகளுக்கு. புதிதாக ரவுட்டர் வாங்கி மாட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எல்லா ஓட்டைகளும் ஒரே அச்சு, எதில் செருகினாலும் க்ளிக் என்று உட்காரும், விளக்கும் எரியும், ஆனால் வேலை மட்டும் நடக்காது.

பழைய பெட்டியோடு புதிய ரவுட்டரைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழையதன் லேனிலிருந்து புதியதன் லேனுக்குக் கம்பி போட்டால், முகவரி பங்கிட வீட்டில் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். சில கருவிகளுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது, நேரத்துக்கு நேரம் மாறும், பைத்தியம் பிடிக்கும். லேனிலிருந்து வேனுக்குப் போட்டால் வேலை செய்யும், ஆனால் பட்டியல் எழுதும் வேலை இரண்டு முறை நடக்கும். பக்கங்கள் திறப்பதில் பிரச்சினை இருக்காது. ஆன்லைன் விளையாட்டிலும், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பதிலும் மக்கர் செய்யலாம். பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் செய்யும் நிலை) மாற்றுங்கள், அல்லது புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (முகவரி பங்கிடாமல் வைஃபை மட்டும் தரும் நிலை) போடுங்கள். இரண்டில் ஒன்று செய்தால் போதும். எனக்குப் பிடித்தது இரண்டாவது, ஏனென்றால் இணைப்பு தருபவரின் பெட்டியில் கைவைக்க வேண்டியதில்லை.

ஸ்விட்ச் என்றால் மின்விசிறிக்குப் போடுவது இல்லை. லேன் போர்ட்கள் போதவில்லை என்றால் வாங்கும் பெட்டி இது, ஐந்து அல்லது எட்டு ஓட்டைகளோடு வரும். அமைப்பு எதுவும் கிடையாது. கம்பியைச் செருகினால் வேலை செய்யும், ஆகவே இதில் தப்பு செய்யவே முடியாது என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மேஜைக்கு அடியில் சுத்தம் செய்தபோது ஒரு கேபிள் நுனி தனியாகக் கிடந்தது. கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்து ஸ்விட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டு எழுந்தேன். ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்க எல்லாம் நின்றுபோனது, வைஃபை உட்பட. பிஓஎன் விளக்கு ஒழுங்காக எரிந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் ஒரு நொடி உயிர் வரும், மறுபடி போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்சைக் கவனித்தேன்: எல்லா விளக்கும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் வெறிபிடித்த மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. நான் செருகிய கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. ‘எல்லோருக்கும்’ என்று அனுப்பப்படும் ஒரு தகவல் அந்த வளையத்தில் நுழைந்தால் வெளியேற வழியில்லாமல் பெருகிப் பெருகிச் சுற்றும். ஈதர்நெட் (இந்தக் கேபிள்களில் ஓடும் முறையின் பெயர்) தகவலுக்கு ‘இத்தனை முறைக்கு மேல் சுற்றாதே’ என்கிற கணக்கு கிடையாது. கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் சரியானது. அன்று முதல் என் வீட்டுக் கேபிள்களின் இரண்டு நுனியிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருக்கிறது.

கேபிள்: அலட்சியப்படுத்தப்படும் ஆள்

நெட்வொர்க் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள். முறுக்குவது அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கி, மறுமுனையில் கழிந்துபோவதற்காக. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1 ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கதவில் நசுங்கி ஒரே ஒரு கம்பி அறுந்துபோன கேபிள் செத்துப்போகாது என்பதுதான் இதில் வேடிக்கை. பல சமயம் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேபிளில் இணைத்த கணினியில் வேகச் சோதனை செய்யுங்கள். எத்தனை முறை செய்தாலும் 94 அல்லது 95-ல் முட்டி நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 மெகாபிட் முடிச்சு இருக்கிறது: பழைய கேபிள், பழைய ஸ்விட்ச், அல்லது விலை குறைந்த ரவுட்டரின் போர்ட். 100-ல் மீதி 5 எங்கே என்றால், ஒவ்வொரு தகவல் துண்டின் தலையிலும் வாலிலும் எழுதப்படும் முகவரி விவரங்களுக்குப் போகிறது.

வாங்கும்போது கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கேட் 5இ என்றிருந்தால் 1 ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும், சாதாரண வீட்டுக்கு அதுவே தாராளம். சுவருக்குள் பதிக்கப் போகிறீர்கள் என்றால் கேட் 6 போடுங்கள், பிறகு உடைத்து மாற்ற முடியாது. சிசிஏ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசியது அது. எளிதில் முறியும், தூரம் போனால் சொதப்பும்.

காற்றில் வருவது

இப்போது வைஃபைக்கு வருவோம். இரண்டு முக்கியமான அலைவரிசைகள், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். ப்ளூடூத் அங்கேதான் புழங்குகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் 2.45-ல்தான் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது பக்கத்தில் வீடியோ திக்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். பின்னதில் வேகம் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது மூச்சு வாங்கும். புதிய கருவிகளில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. இன்னும் வேகம், இன்னும் குறுகிய எல்லை.

பெட்டியின் அட்டையில் வைஃபை 5, வைஃபை 6 என்று எழுதியிருப்பது தலைமுறைக் கணக்கு. 802.11ஏசி, 802.11ஏஎக்ஸ் என்று வாயில் நுழையாத பெயர்களே இருந்த இடத்தில் 2018-ல் இந்த எளிய எண்களைக் கொண்டுவந்தார்கள். வைஃபை 7-க்கான சான்றிதழ் 2024-ல் தொடங்கியது. பெட்டி புதிய தலைமுறையாக இருந்து போன் பழையதாக இருந்தால், இருவரும் பழைய மொழியிலேயே பேசிக்கொள்வார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் 3000, 5400 என்று போட்டிருப்பார்களே, அது எல்லா அலைவரிசைகளின் ஏட்டளவு உச்சத்தையும் கூட்டிப் போட்ட தொகை. ஒரு போனுக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

புதிய பெட்டி வாங்குவதற்கு முன் காசு செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள்: இருக்கிற பெட்டியை இடம் மாற்றுங்கள். மூலையில், தரையில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல் என்று நாம் வைக்கிற இடமெல்லாம் சிக்னலுக்கு ஆகாத இடங்கள். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். தண்ணீர் உறிஞ்சிவிடும், அதனால் மீன் தொட்டி ஒரு நல்ல தடுப்புச்சுவர். வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். ஃபைபர் வரும் இடம் மூலையில்தான் என்றால், அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு நீளக் கேபிளால் தனி ஆக்சஸ் பாயின்டை நடுவீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுக்கு வீட்டில் இருப்பவர்கள் 2.4-ல் சேனலையும், அதாவது அலைவரிசைக்குள் எந்தத் தடத்தில் பெட்டி ஓடுகிறது என்பதையும், பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் 6-ல் இருக்கிறார் என்று நீங்கள் 4-க்குப் போனால் இருவருக்கும் தொல்லை.

கடைசி அறைக்கு எட்டவில்லை என்று எக்ஸ்டெண்டர் வாங்குபவர்கள், அதைச் சிக்னலே வராத அந்தக் கடைசி அறையில் கொண்டுபோய் மாட்டுவார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்போதும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் வகை என்றால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். மெஷ் என்று விற்பதும் அடிப்படையில் பல ஆக்சஸ் பாயின்ட்கள் ஒரே பெயரில், பேசிவைத்துக்கொண்டு வேலை செய்வதுதான்; நீங்கள் நடக்க நடக்க போனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும். அவற்றுக்கு நடுவே கேபிள் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். அப்போதுதான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

வேகக் கணக்கில் ஒரு சின்னப் பொறி

இணைப்பு விற்பவர் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கிளம்புவதற்கு முன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கலாம்: ஒன்று வைஃபையில் சேர, இன்னொன்று அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய. இரண்டையும் மாற்றுங்கள். இரண்டாவதை யாரும் மாற்றுவதே இல்லை. 2016-ல் மிராய் என்ற நிரல் பரவியது, மாற்றாமல் விட்ட ஏறத்தாழ 60 பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டுதான். கேமராக்களும் ரவுட்டர்களும் லட்சக்கணக்கில் அதன் பிடியில் விழுந்தன.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய கருவிகள் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பொத்தானாலோ எண்ணாலோ வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றைக் கூட்டிக் கழித்து வருவது; ஆகவே கோடிக்கணக்கில் முயல வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகள் போதும் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். அப்புறம், ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். விருந்தாளிகளுக்கும் விலை குறைந்த ஸ்மார்ட் பல்புகளுக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்துவிட்டால், அவை உங்கள் கணினியை எட்டிப் பார்க்காது.

பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். அதை ரீஸ்டார்ட் என்று நினைத்து நானும் ஒருமுறை பத்து விநாடி அழுத்திப் பிடித்திருக்கிறேன். பெட்டி சமர்த்தாக எல்லாவற்றையும் மறந்துவிட்டது, இணைப்புக்குத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வேர்டு உட்பட. அவை என்னிடம் எழுதி இல்லை. ஆள் வந்து போட்டுக் கொடுக்கும்வரை இரண்டு நாள் மொபைல் டேட்டாதான். ஆகவே அந்த விவரத்தை இணைப்பு தருபவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள்.

அடாப்டரையும் கவனியுங்கள். 9 வோல்ட், 12 வோல்ட் இரண்டுக்கும் ஒரே மாதிரி முனை இருக்கும், மாற்றி மாட்டினால் பெட்டி போய்விடலாம். வோல்ட் அதே எண்ணாக, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக, முனையின் பிளஸ் மைனஸ் படமும் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

நின்றுபோனால்

வரிசை முக்கியம். சுவரிலிருந்து உள்ளே வாருங்கள்.

1. விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பில் மினுக்கினால் இங்கேயே நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

2. மோடமும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டையும் அணையுங்கள். அரை நிமிடம் கழித்து மோடத்தை மட்டும் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் கொடுத்து, பிறகு ரவுட்டர்.

3. ஒரு கணினியைக் கேபிளில் நேராகப் பெட்டியோடு இணையுங்கள். கேபிளில் வந்து காற்றில் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில், உங்கள் கையிலேயே தீர்வு இருக்கிறது. கேபிளிலும் வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. கணினியில் கட்டளை அடிக்கும் சாளரத்தைத் (கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினல்) திறந்து ping 1.1.1.1 என்று அடியுங்கள். அதற்குப் பதில் வந்து, பிரவுசரில் பெயர் அடித்தால் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால் இன்டர்நெட் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்துவிட்டது. ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று போட்டால் சரியாகிவிடும்.

5. அமைப்புப் பக்கத்தில் வேன் நிலையைப் பாருங்கள். அங்கே ஐபி முகவரி இருக்கும் இடத்தில் வெறும் சுழியங்கள் இருந்தால் வெளியிலிருந்து உங்களுக்கு முகவரியே வரவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு போன் செய்யும்போது ‘இன்டர்நெட் வரல’ என்று சொல்லாதீர்கள். ‘பிஓஎன் விளக்கு நிலையாக எரியுது, கேபிள் போட்டும் பாத்துட்டேன், வேனுக்கு முகவரி வரல’ என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஒரு விநாடி தயங்குவார். அப்புறம், ‘சரிங்க, எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பார். பண்ணிவிடுங்கள், அவரிடம் உள்ள தாளில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டால்தான் அடுத்த கேள்விக்கு வருவார்.